ஊடு, த/பெ மனுவேல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர் கீழ்நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். மலையில் பிறந்தவராக இருந்தால், வீட்டைக் கட்டலாமா என்று கேட்டுப் பார் என்று சொல்லியிருப்பார். கல்யாணத்தைப் பற்றிப் பேச அவருக்கு ஆயுள் மிஞ்சியிருக்காது.

மஞ்சக்குட்டை சிங்கராயர் கேட்டுப் பார்த்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சிங்கராயர் காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் ரைட்டராக இருந்தவர். யார் வேலைக்கு வந்தது, யார் வரவில்லை, எந்தக் காட்டில் களை எடுத்தது, எந்தக் காட்டில் பழம் பறித்தது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் ரைட்டர் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்தில் ஏறாதது நடக்கவே இல்லை என்பது அவருடைய கொள்கை. ஒரு தடவை, நாள் முழுக்க மழையில் களை எடுத்துவிட்டு வந்த பொன்னாயியிடம், "நீ இன்னிக்கு வல்லையே, பேரு ஏறலையே" என்று சொல்லி அனுப்பியவர் அவர். பொன்னாயி அப்போது அவர் எதிரில், தலையில் போட்ட கோணிச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியது அப்பா மனுவேல் கட்டிவைத்த ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, சுற்றிக் கொஞ்சம் காப்பிச் செடி. மேட்டுப் பக்கத்துச் சுவர் மழைக்காலத்தில் ஊறி உள்ளே தண்ணீர் கசியும். சேலத்தில் கட்டிக் கொடுத்த ஒரே மகள் அற்புதத்துக்குத் தலைப்பிரசவம், நவம்பரில். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே வருவாள்? பச்சைக் குழந்தையை ஊறுகிற சுவரோரம் போட முடியாது. பத்துக்குப் பன்னிரண்டில், நனையாத சுவரோடு ஒரு அறை. அதுதான் வேண்டும். அதற்கு மேல் அவரும் மனைவி சாந்தாமேரியும் ஆசைப்படவில்லை.

"கட்டிப்போட்டுக் கேளுங்க ரைட்டரே" என்றார் பக்கத்து வீட்டு மாரிசாமி. "கட்டாத ஊட்டுக்கு அனுமதி கேட்டா, அவிய வந்து என்னத்தப் பாப்பாங்க?"

"அப்படியில்லீங்க மாரிசாமி. எல்லாம் எழுத்துல ஏறோணுமுங்க" என்றார் சிங்கராயர்.

இது நடந்தது 1992 மே மாதம்.

ஏற்காட்டில் அப்போது மலைக்கட்டட முன்னனுமதி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஏரிக்குப் போகிற வழியில், ஒரு பழைய துரை பங்களாவில். வாசலில் பெரிய பலகை: "கேட்டுக் கட்டு, கட்டிக் கெடாதே." சிங்கராயர் அதைப் படித்துத் தலையை ஆட்டிக்கொண்டார். தமக்கு ஏற்ற இடந்தான் என்று பட்டது.

எழுத்தர் பெரியசாமி கடற்கரை ஜில்லாக்காரர். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர், மே மாதத்திலும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். புலவர் பரீட்சை பாஸ் செய்தவர் என்பது மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையிலிருந்து தெரிந்தது. சிங்கராயர் நீட்டிய மனுவை, அதோடு இருந்த பட்டா நகலை, வரைபடத்தை, எதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே ஒரு கோப்பு உறைக்குள் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"பொருள்?"

"ஊடுங்க."

"என்ன?"

"ஊடுங்க. இருக்கறதோட இன்னொண்ணு சேத்தோணுமுங்க."

பொதுமக்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது வாரியத்தின் விதி. விதிப்படி பெரியசாமி உறையின்மேல் எழுதினார்: பொருள், ஊடு, கூடுதலாக ஒன்று சேர்த்தல். சிங்கராயர் எட்டிப் பார்த்தார். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அங்கே தனி அலுவலர் என்று ஒருவர் இருந்தார். புதிய மனுதாரர் ஒவ்வொருவருக்கும் அவர் பத்து நிமிஷம் அறிவுரை சொல்வார்.

"இந்த மலையில கட்டடம் கட்டறது குத்தமில்லை. ஆனா, கட்டணும்னு நினைக்கறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட வரணும். நீங்க நினைச்ச பிறகு வந்திருக்கீங்க. பரவாயில்லை. அதோ, எங்க கழிப்பறையைப் பாருங்க. நாலு சுவர் நிக்குது, கூரை இல்லை. ஏன்? கூரைக்கு அனுமதி வரலை. விண்ணப்பிச்சது நான். அனுமதி கொடுக்க வேண்டியதும் நான். அதுக்காக எனக்கு நானே சலுகை காட்டிக்க முடியுமா? ஆறு வருஷமா நாங்க எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போய்ட்டு வர்றோம். இப்படி ஒரு நேர்மையை நீங்க வேற எந்த ஆபீஸ்ல பார்ப்பீங்க?"

சிங்கராயருக்கு மெய்யாகவே மனசு குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து சாந்தாமேரியிடம், "நொம்ப ஒழுங்கான ஆபீசு" என்றார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. "தங்கள் ஊடு தொடர்பாக, முதன்மைப் பயிர் எது என்பதை உடனே தெரிவிக்கவும்." மரம் வெட்டிக் கட்டிவிடுவோமோ என்று கவலைப்படுகிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று சிங்கராயர் நினைத்தார். காப்பிச் செடி நாற்பது, ஆரஞ்சு இரண்டு, சில்வர் ஓக் ஒன்று, அதில் மிளகுக் கொடி ஒன்று என்று முத்து முத்தாக எழுதி அனுப்பினார். அதோடு தலையெழுத்தும் முடிந்தது.

ஜூலையில் ஒரு ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கீழே சகதி என்பதால் பாதையிலேயே குடையோடு நின்றுகொண்டார்.

"ஊடு எங்கே?"

"இதானுங்க" என்று சிங்கராயர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார். அந்தக் கைக்கு நேரே வீடும் இருந்தது, சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் இருந்தன.

"எத்தனை வருஷத்தது?"

"எங்கப்பன் காலத்ததுங்க. நாப்பது வருசமிருக்கும்."

"அவ்வளவு நாள் தாங்குதா? நோய் ஏதாவது?"

"கரையான் இருக்குதுங்க. அடியில செல்லரிச்சுப் போச்சு."

"நிழல் ஜாஸ்தியா இருக்கே."

"ஆமாங்க. உள்ளாற பகல்லயே இருட்டுங்க."

ஆய்வாளர் நிமிர்ந்து ஓட்டுக்கூரையை ஒரு தடவை பார்த்தார். ஏதோ எழுதினார். "புதுசா சேர்க்கறது எவ்வளவு இடைவெளியில?"

"இடைவெளியெல்லாம் இல்லீங்க. இதோட ஒட்டுத்தானுங்க."

"ஒட்டுரகம்" என்று ஆய்வாளர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். போகும்போது, அறை வர வேண்டிய இடத்தின் நடுவில் ஒரு முளைக்குச்சியை அடித்து, அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினார். 'நிலுவை' என்று அச்சடித்திருந்தது. கோப்பு முடியும்வரை அங்கே ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பிறகு சத்தமில்லை. ஆகஸ்டு போயிற்று. செப்டம்பரில் சிங்கராயர் நேரில் போய்க் கேட்டார். பெரியசாமி கோப்பை எடுத்து மேஜைமேல் போட்டார். இந்தத் தடவை உறை சிங்கராயரைப் பார்த்தபடி விழுந்தது. பொருள், ஊடு. பக்கத்தில் வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் சேர்ந்திருந்தது: (பயிர்).

ஒரு பயிருக்கு நடுவே வைக்கிற இன்னொரு பயிருக்கு ஊடுபயிர் என்று பேர். ரைட்டருக்கு அது தெரியும். முதன்மைப் பயிர், கரையான், ஒட்டுரகம் எல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஐயா, ஊடுன்னா குடியிருக்கற ஊடுங்க. நாங்க அப்படித்தான் பேசுவோம். உள்ளாற மனுவுல வீடுன்னுதானுங்க எழுதியிருக்கறேன், பிரிச்சுப் பாருங்க."

விஷயம் தனி அலுவலர்வரை போயிற்று. அவர் பொறுமையாகவே விளக்கினார். "உறையைப் பார்த்துத்தான் கோப்பு நடக்கும். உள்ளே ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் படிச்சுப் பார்த்து முடிவெடுக்க ஆரம்பிச்சா ஒரு அலுவலகம் நடக்குமா? உறையில இருக்கற ஊடும் நீங்க சொல்ற வீடும் ஒண்ணுதான்னா, அதுக்கு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. நாங்க மனுதாரருக்கு உதவத்தானே இருக்கோம்?"

"அப்ப மனுவையே திருப்பிக் குடுத்துருங்க."

"தாராளமா. ஊடைத் திரும்பப் பெறணும்னா, ஊடைப் பிடுங்கிட்டேன்னு காட்டணும். ஆய்வாளர் வந்து பிடுங்கின இடத்தைப் பார்ப்பார்."

கிராம நிர்வாக அலுவலர் சின்னத்தம்பி கரடியூர்க்காரர். அவரும் வீட்டை ஊடு என்றுதான் சொல்வார், அவர் மனைவியும் அப்படித்தான், அவர் வீட்டு மாடு பேசினால் அதுவும் அப்படித்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஞானசுந்தரி, ரேஷன் கார்டில் சுந்தரி என்று பேர் மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுக்க அவரிடம் ஒரு படிவம் இருந்தது.

"ரைட்டரே, ஊடும் வீடும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா படிவத்துல ரெண்டு பேருக்கும் தகப்பனார் பேரு கேக்குதுங்களே."

இரண்டு பேரும் நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு சிங்கராயரே வழி கண்டுபிடித்தார். "எங்கப்பன் கட்டுன ஊடுங்க. அப்ப அவரு பேருதானுங்க வரோணும்?" பொய்யில்லாத பதில். சின்னத்தம்பி எழுதி முத்திரை வைத்தார்: "ஊடு, த/பெ மனுவேல் என்பவரும், வீடு, த/பெ மனுவேல் என்பவரும் ஒருவரே எனச் சான்றளிக்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பெரியசாமி சான்றிதழை இரண்டு தடவை படித்தார். அந்த அலுவலகத்தில் முழுதாகப் படிக்கப்பட்ட முதல் காகிதம் அதுதான்.

"நீங்க யாரு?"

"சிங்கராயருங்க."

"தகப்பனார்?"

"மனுவேலுங்க."

"ஊடுக்கும் தகப்பனார் மனுவேல். அப்ப அவர் உங்க உடன்பிறந்தவர். பரம்பரைச் சொத்து. உடன்பிறந்தவரோட சம்மதம் இல்லாம நீங்க மட்டும் எப்படி மனு போடலாம்?"

முப்பத்தோரு வருஷம் எழுத்தை நம்பியவருக்கு எழுத்தில் இருப்பதை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் கடைசியில்.

"கைநாட்டு போதும்" என்று பெரியசாமி இரக்கப்பட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'இது தொடர்பாக வாரியம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அதில் அச்சடித்திருந்தது.

சிங்கராயர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே கரி படிந்த சுவரில் ஒரு ஓரமாக வைத்து அழுத்தினார். ஊடின் கைநாட்டு நல்ல தெளிவாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த சாந்தாமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாயிற்று.

அக்டோபரில் அற்புதம் வந்தாள். அதே வாரம் மழையும் வந்தது. சுவர் ஊறி, கீழே ஒரு வெடிப்பு விட்டது. நவம்பர் கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்து, ஈரம் படாத மூலை எது என்று தேடி, கட்டிலை இப்படியும் அப்படியும் நாலு தடவை மாற்றிப் போட்டார்கள். ஐந்தாவது திசை இல்லை. டிசம்பரில் குழந்தைக்கு இருமல் தொடங்கியது. அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து வருகிற இருமலைக் கேட்கிறபோதெல்லாம் சிங்கராயருக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாரிசாமி நாலு தகர ஷீட்டும் மூங்கிலும் கொண்டுவந்து நின்றார். "ஏனுங்க, ஒரு சாய்ப்பு மட்டும் எறக்கிக்குவோமுங்க. பச்ச மண்ணு நனையுதுங்க."

சிங்கராயர் முளைக்குச்சியைப் பார்த்தார். மழையில் சாயம் போகாத சிவப்பு. "நிலுவையில இருக்குதுங்களே" என்றார்.

சாந்தாமேரி வெளியே வந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க, உங்க கையெழுத்து நொம்ப நல்லாருக்குதுங்க. ஊருக்கே தெரியும். அதுக்குள்ள புள்ளையப் படுக்கவெக்க முடியுங்களா?"

அவர் மாரிசாமியைத் தகரத்தோடு திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ஏனோ, கோணிச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற பொன்னாயி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் அப்போது கும்பிட்டுவிட்டுப் போனதும் ஞாபகத்துக்கு வந்தது.

பிப்ரவரியில் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. தனி அலுவலர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள். ஒன்பதே மாசத்துல உங்க கோப்பு முடிஞ்சிருக்கு. வாரியத்தோட வரலாற்றிலேயே இதுதான் முதல் அனுமதி. சரித்திரம் படைச்சிருக்கீங்க."

உத்தரவு ஒரே பக்கந்தான். ஊடு ஒன்று, ஒட்டுரகம், அனுமதிக்கப்படுகிறது. கரையானுக்கு மருந்து அடிக்க வேண்டும். ஆய்வின்போது ஊடின் மீது நிழல் படும்படி முன்னனுமதி பெறாத ஓட்டுக் கட்டடம் ஒன்று காணப்பட்டது. ஊடின் நலன் கருதி அந்தக் கட்டடம் முப்பது நாளில் அகற்றப்படும்.

சிங்கராயர் மூன்று தடவை படித்தார்.

"ஐயா, அந்தக் கட்டடந்தானுங்க ஊடு. அதுலதானுங்க நாங்க குடியிருக்கறோம். பச்சப் புள்ளை இருக்குதுங்க."

"அதெப்படி? ஊடு உங்க சகோதரர். அவரே ஆட்சேபணை இல்லைன்னு கைநாட்டு வெச்சிருக்கார், பாருங்க." தனி அலுவலர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். கரி நன்றாகத்தான் விழுந்திருந்தது. "அவருக்கே இல்லாத வருத்தம் உங்களுக்கு எதுக்கு? கூடப் பிறந்தவன் நல்லா இருக்கணும்னு நினைக்கணும். உங்களுக்கு மனக்குறை இருந்தா மேல்முறையீடு பண்ணுங்க. ஜனநாயகந்தானே."

மேல்முறையீட்டு மனுவையும் பெரியசாமியிடந்தான் கொடுக்க வேண்டும். சிங்கராயர் முன்னறைக்கு நடந்து வந்தார். பெரியசாமி புதிய உறை ஒன்றை எடுத்து, குல்லாயைச் சரிசெய்துகொண்டு, பேனாவைத் திறந்தார்.

"பொருள்?"

சூடு கண்ட பூனை அல்லவா? சிங்கராயர் நிமிர்ந்து நின்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"வீடு."

பெரியசாமியின் பேனா நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஏழு வருஷமாக மலையில் கிடக்கிற புலவருக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் இதற்கு முன் வாய்க்கவில்லை.

"பொருள்ங்கற இடத்துல வீடுன்னு எப்படி எழுதறது? அறம், பொருள், இன்பம், வீடு. பொருள் வேற, வீடு வேற ஆச்சே. வீடுன்னா வீடுபேறு. முத்தி. மோட்சம்." அவர் மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி ஒரு படிவத்தை எடுத்தார். "அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. இங்கேயிருந்து மேலே போறதுனால உயரக் கட்டுப்பாட்டு விதிக்குள்ள வருது. நீங்க கிறிஸ்தவர்தானே? பங்குச் சாமியார்கிட்ட தடையில்லாச் சான்று ஒண்ணு வாங்கி இணைச்சிடுங்க."

மறுத்துப் பேச சிங்கராயரிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. இருந்த சொல் இரண்டு. ஒன்றைச் சொல்லி வீட்டை இழந்தார், இன்னொன்றைச் சொல்லி இங்கே நிற்கிறார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். பெயர், தகப்பனார் பெயர், உடன்பிறந்தோர். கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: 'விண்ணப்பதாரர் வீடு அடைய உத்தேசித்துள்ள நாள்.'

உத்தரவிலிருந்து முப்பது நாள் எண்ணினார். மார்ச் பதினேழு. அதையே எழுதினார். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது.

பெரியசாமி வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மார்ச்சா? அவ்வளவு சீக்கிரம் கிடைக்காதே. குறைஞ்சது மூணு வருஷம் ஆகும். கோப்பு முடியறவரைக்கும் நீங்க எந்த முடிவுக்கும் வந்துடக் கூடாது. மீறினா அதுவும் முன்னனுமதி இல்லாம செஞ்சதாயிடும்."

இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். மேஜையைச் சுற்றி வந்து, சிங்கராயரின் சட்டைப் பொத்தானில் நூலைக் கோத்து, அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நிலுவை.

மணி ஐந்தாயிற்று. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெரியசாமி மேஜையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சைவிட்டு எழாத சிங்கராயரைப் பார்த்தார். ஏழு வருஷம் மலைத் தண்ணீர் குடித்தவர் அல்லவா, கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார்.

"நேரமாச்சுங்க ரைட்டரே. கிளம்பி ஊட்டுக்குப் போங்க."